ஒரு கை நோவுக்கு இரண்டு முடிவுகள் ஏன்?

பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் எலும்பு சிறிது மேடாகத் தெரியும் இடத்தில் வரும் நோவை எம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம். உழவாரம் பிடித்துப் புல்லுச் செருக்கும்போது குத்தும். கிணற்றிலிருந்து வாளியை வாங்கும்போது கை விட்டுப்போகும். தேங்காய் திருவ முடியாது, ஈரத் துணி பிழிய முடியாது, பால் கறக்க முடியாது. கைப்பிள்ளை உள்ள தாய்மார் பிள்ளையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். தோட்ட வேலையும் வீட்டு வேலையும் ஒரே கையால் செய்யும் பெண்களிடமே இந்த நோவு அதிகமாகக் காணப்படுகின்றது.

இந்த நோவுடன் ஆஸ்பத்திரிக்குப் போகும் இருவர் இரண்டு விதமான முடிவுகளுடன் வீடு திரும்புவது புதுமையல்ல. ஒருவருக்கு "ஊசி ஒன்று போடுவோம், சில கிழமை பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லப்படும். மற்றவருக்கு "இது வெட்டித்தான் விடவேண்டும்" என்று திகதி கொடுக்கப்படும். மூன்றாமவர் பெருவிரலுக்குப் பட்டி கட்டி, வேலையைக் குறைக்கும்படி சொல்லி அனுப்பப்படுவார். நோவு ஒன்று, இடம் ஒன்று, வயதுகூட ஒன்றாக இருக்கலாம். முடிவு மட்டும் வேறு.

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கண்ணில் படும். ஒரே ஊரில், ஒரே டொக்டரிடம் வாழ்நாள் முழுவதும் மருந்தெடுப்பவருக்கு அவர் சொல்வதே வைத்தியம். நாமோ ஓர் ஊரில் மூன்று வருடம், இன்னோர் ஊரில் ஐந்து வருடம் என வாழ்ந்து, ஒவ்வோர் இடத்திலும் புதிய ஆஸ்பத்திரி, புதிய வரிசை, புதிய டொக்டர் என்று பழகியவர்கள். ஓரிடத்தில் தொடங்கிய சிகிச்சை அடுத்த இடத்தில் தலைகீழாக மாறியதைக் கண்டவர்கள். இதனால் எம்மிடையே இரண்டு பேச்சுக்கள் வழக்கமாகிவிட்டன. ஒன்று, "முந்தின டொக்டருக்கு ஒன்றும் தெரியாது." மற்றது, "இவர் காசுக்காகத்தான் வெட்டப் பார்க்கிறார்." இரண்டும் அவசரத்தில் சொல்லப்படும் தீர்ப்புக்கள் என்பதே எமது கருத்து. சில வேளைகளில் அவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலும் காரணம் வேறு. அதனை நாம் விளங்கிக்கொள்ளாவிட்டால், நல்ல சிகிச்சையை மறுத்துவிடவும் தேவையற்ற சிகிச்சையை ஏற்றுவிடவும் நேரிடும்.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். எமது விரல்களை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையிலேயே இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற வெண்ணிறத் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்கு வருகின்றன. நாம் பேச்சில் இதனையும் "நரம்பு" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு, இழுத்து அசைக்கும் தசைநாண் வேறு. பெருவிரலை வெளிப்பக்கம் விரிக்கும் தசைநாண் ஒன்றும், அதனை நிமிர்த்தும் தசைநாண் ஒன்றும் மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் ஒரு குறுகிய உறைக்குள்ளால் போகின்றன. துலாக்கயிறு ஒரு வளையத்துக்குள்ளால் போய்வருவதை எண்ணிக்கொள்ளலாம். அந்த உறை தடித்துவிட்டால் உள்ளிருக்கும் கயிறுகளுக்கு இடம் போதாது. ஒவ்வோர் அசைவும் உராய்வாகி நோகிறது.

சுவிற்சர்லாந்து நாட்டுச் சத்திரசிகிச்சை வைத்தியரான ஃபிரிட்ஸ் டி கேர்வேன் என்பவர் 1895ஆம் ஆண்டில் இந்நோயை விபரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகின்றது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் அதனைப் பொத்திப் பிடித்து, கையைச் சின்னவிரல் பக்கமாகச் சரித்தால், நோயுள்ளவருக்கு அந்த இடத்தில் சுரீரென்று நோகும். டொக்டர்மார் செய்யும் பரிசோதனையும் ஏறக்குறைய இதுவே. நோயில்லாதவருக்கும் இதில் சிறிது இழுவை இருக்கும் என்பதால் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சிகிச்சைக்கு மூன்று வழிகள் உண்டு. பெருவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டி கட்டி, நோ மாத்திரையுடன் கைக்கு ஓய்வு கொடுப்பது ஒன்று. வெறும் மணிக்கட்டில் மட்டும் துணி சுற்றினால் பெருவிரல் வழமைபோல ஆடிக்கொண்டேயிருக்கும். அதனால் பலன் குறைவு. அந்த உறைக்குள் ஸ்டீரொயிட் மருந்தை ஊசியால் ஏற்றுவது இரண்டாவது. நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு ஓர் ஊசியிலோ இரண்டாவது ஊசியிலோ நோ தணிந்துவிடுகிறது. மூன்றாவது சத்திரசிகிச்சை. அந்த இடத்தை மட்டும் விறைக்கச்செய்து, சிறிய வெட்டொன்றினூடாக உறையின் கூரையைப் பிளந்துவிடுவார்கள். கயிறுகளுக்கு இடம் கிடைத்துவிடும். அரை மணித்தியாலம்கூட எடுக்காத வேலை இது. பெரும்பாலும் நல்ல பலனும் தருகிறது.

இம் மூன்றிலும் குறை இல்லாதது எதுவுமில்லை. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளிறலாம், உள்ளே கொழுப்புக் கரைந்து பள்ளம் விழலாம். கறுத்த தோலில் அந்த வெளிறல் எடுப்பாகத் தெரியும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி ஏறும். சத்திரசிகிச்சையில், வெட்டும் இடத்துக்கு மேலாலேயே உணர்ச்சி நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. அவை சேதப்பட்டால் பெருவிரலின் முதுகுப்பக்கம் விறைப்பதும், தொட்டால் மின்சாரம் போல் எரிவதும் நெடுநாள் தொடரலாம். சிலருடைய உறைக்குள் நடுவே ஒரு சுவர் இருக்கும். இரண்டு கயிறுகளுக்கும் இரண்டு அறைகள். ஊசி மருந்து ஓர் அறைக்குள் மட்டும் போய்விட்டால் நோ மாறாது. வெட்டுபவரும் ஓர் அறையை மட்டும் திறந்துவிட்டால் கதை அதுவே. பட்டிக்கு இந்த ஆபத்துக்கள் இல்லை. ஆனால் தினமும் மண்ணிலும் தண்ணீரிலும் கை வைக்கிறவர் அதனை எத்தனை நாள் கட்டியிருப்பார் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்நோய் பலருக்கு மாதக்கணக்கில் இருந்து, தானாகவே ஓய்ந்தும் போகிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வரும் நோவு, பிள்ளை வளர்ந்து பால் மறக்கும் காலத்தோடு பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லும் டொக்டர் கையை விரித்துவிட்டார் என்று பொருளல்ல. அதேபோல, ஆறு மாதம் பொறுத்தும் ஊசி போட்டும் நோ குறையாத ஒருவருக்கு "வெட்டுவோம்" என்று சொல்பவரும் கத்திப் பைத்தியம் அல்லர்.

அவ்வாறாயின் எந்த நோயாளிக்கு எந்த வழி, எப்போது? இங்கேதான் சிக்கல். காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. சீனிக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. இந்த மணிக்கட்டு நோவில் "இந்த அளவைக் கடந்தால் வெட்டு" என்று சொல்லும் கருவி எதுவுமில்லை. ஸ்கான் பண்ணினால் உறை தடித்திருப்பது தெரியும். அது உங்களைத் தோட்டத்தில் எவ்வளவு வருத்துகிறது என்பது தெரியாது. நோவின் அளவைச் சொல்வது நோயாளியின் வாய்; அதனை எடைபோடுவது டொக்டரின் மனம். கோடு கிழிக்க முடியாத இடத்தில் ஒவ்வொருவரும் தத்தமக்குச் சரியெனப்பட்ட இடத்தில் கோடு கிழிக்கிறார்கள்.

இது எமது நாட்டின் குறையோ, ஏழைகளுக்கு மட்டும் நேர்வதோ அல்ல. இதைப்பற்றிய மிகப் பழைய சான்று அமெரிக்காவின் நியூ யோர்க் நகரத்திலிருந்து வருகின்றது. அது மணிக்கட்டைப் பற்றியதல்ல, தொண்டையிலுள்ள டொன்சிலைப் பற்றியது. ஆனால் பாடம் ஒன்றே. 1934ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில் ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அவர்களில் 611 பேருக்கு ஏற்கனவே டொன்சில் வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. மிகுதி 389 பேரை டொக்டர்மார் சோதித்து, 174 பேருக்கு வெட்டவேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரையும் வேறு டொக்டர்மாரிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். மிஞ்சிய 116 பேர் மூன்றாவது குழுவிடம் போனார்கள். அங்கே 51 பேர் வெட்டுக்குத் தெரிவானார்கள். கடைசியில் யாரும் கைவைக்காமல் எஞ்சியவர்கள் 65 பேர் மட்டுமே. அவர்களைச் சோதிக்க மேலும் டொக்டர்மார் கிடைக்காதபடியால் ஆய்வு அத்துடன் நின்றது!

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தெரிவானவர்கள் நூற்றுக்கு 44, 45, 46 பேர். முதல் குழு "சுகமான பிள்ளைகள்" என்று ஒதுக்கியவர்களிலும் அதே பங்கினர் நோயாளிகளாகத் தெரிந்தார்கள். பிள்ளைகளின் தொண்டை எப்படியிருந்தாலும், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வெட்டவேண்டும் என்ற எண்ணம் டொக்டர்மாரின் மனதில் முன்கூட்டியே இருந்தது போலும். அவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. படித்த படிப்பும் அன்றைய வழக்கமும் காட்டியபடியே பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் அலிசன் குளோவர் என்ற வைத்தியர் 1938இல் இதே டொன்சில் விடயத்தை ஆராய்ந்தார். அருகருகே உள்ள ஊர்களுக்கிடையில்கூடச் சத்திரசிகிச்சையின் அளவு பல மடங்கு வேறுபட்டிருந்தது. அன்று லண்டனுக்கு அண்மையிலிருந்த ஹோர்ன்சி என்ற இடத்தில் 1929ஆம் ஆண்டளவில் பாடசாலை வைத்திய அதிகாரி மாறினார். அதன் பின்னர் அங்கு டொன்சில் வெட்டு ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகக் குறைந்துபோயிற்று. அவ்வூர்ப் பிள்ளைகளின் தொண்டைகள் ஒரு வருடத்தில் மாறிவிடவில்லை. மாறியது அதிகாரி.

பின்னர் 1973இல் ஜோன் வென்பேர்க், அலன் கிட்டெல்சன் என்ற இருவர் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் ஆஸ்பத்திரிப் பிரிவுகள் பதின்மூன்றை ஒப்பிட்டு எழுதினார்கள். டொன்சில் வெட்டு, ஓரிடத்தில் பத்தாயிரம் பேருக்கு 13 ஆகவும் இன்னோரிடத்தில் 151 ஆகவும் இருந்தது. மக்கள் ஒரே மாதிரியானவர்கள், நோயும் அப்படியே. அங்கு குறிப்பிடத்தக்க இன்னொரு விடயமும் நடந்தது. இந்தக் கணக்குகளை அந்த டொக்டர்மாரிடமே கொண்டுபோய்க் காட்டியபோது, அதிகமாக வெட்டிய இடங்களில் வெட்டு வெகுவாகக் குறைந்தது. தாம் மற்றவர்களிலிருந்து வேறுபடுகிறோம் என்பதே அதுவரை அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்காததே காரணம். எமது மாவட்டங்களிலும் இப்படி எண்ணிப் பார்த்து, டொக்டர்மார் தமக்குள் பேசிக்கொள்ள வழிசெய்தால் நன்மை உண்டு என்பது எமது எண்ணம்.

கைச் சத்திரசிகிச்சையில் இன்று இதனை வேறொரு வழியில் ஆராய்கிறார்கள். மாறுபாட்டின் விஞ்ஞானம் என்ற பொருள்படும் பெயருடன் ஒரு குழு இயங்கி வருகிறது. பல நாடுகளிலுள்ள கை நிபுணர்களுக்கு ஒரே நோயாளியின் விபரத்தை அனுப்பி, "நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது அவர்களின் முறை. வயது, நோவின் காலம், முன்னர் எடுத்த சிகிச்சை எல்லாம் எழுத்திலே ஒன்றாகவே கொடுக்கப்படுகின்றன. பதில்கள் ஒன்றாக வருவதில்லை. நோயாளி மாறாமல் டொக்டர் மட்டும் மாறினாலும் முடிவு மாறுகிறது என்பது இங்கே மறைக்க முடியாதபடி தெரிகின்றது.

ஏன் இப்படி? பல காரணங்களில் முதன்மையானது, ஒருவர் யாரிடம் படித்தார் என்பது. குருவின் கைப்பழக்கம் சீடனுக்கும் வரும். வெங்காயத்துக்கு எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் மாறுவது என்பதில்கூட எமது தகப்பன்மார் இரண்டு பேர் ஒத்துப்போனதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தகப்பனிடம் கற்றதையே விடாமல் பிடித்தார்கள். டொக்டர்மாரும் மனிதர்கள்தாம்.

அடுத்தது அவ்வளவு எளிதில் கண்ணில் படாதது. ஊசியால் சுகமானவர் திரும்பவும் கிளினிக்குக்கு வருவதில்லை. அவருக்குத் தோட்டம் இருக்கிறது. சுகமாகாதவரே திரும்பி வருகிறார். ஆகவே சத்திரசிகிச்சை நிபுணரின் முன்னால் ஊசி தோற்ற கைகளே வரிசையில் நிற்கும். "ஊசி என்பது வீண் வேலை" என்ற எண்ணம் அவருக்கு வருவது இயல்பு. சிறிய ஆஸ்பத்திரியில் ஊசி மட்டும் போடும் டொக்டருக்கோ, திரும்பி வராதவர்கள் எல்லோரும் சுகமாகிவிட்டார்கள் என்று தோன்றும். அவர்களில் சிலர் பஸ் காசு இல்லாமல் வராதிருக்கலாம். சிலர் வேறு ஊருக்கு மாறியிருக்கலாம். இருவரும் தாம் கண்டதையே நம்புகிறார்கள். இருவர் கண்டதும் பாதி.

மூன்றாவதாக, டொக்டர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும் உண்டு. "தூரத்திலிருந்து வருகிறார், திரும்ப வரமாட்டார், ஒரேயடியாக வெட்டிவிடுவோம்" என்று ஒருவர் நினைக்கலாம். "ஒப்பரேசன் வரிசை நீளம், பெரிய வருத்தக்காரர் காத்திருக்கிறார்கள்; இவருக்கு ஊசி போதும்" என்று இன்னொருவர் நினைக்கலாம். இரண்டு எண்ணத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களைக் கேளாமல் உங்களுக்காக நினைத்தது அது.

காசைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. வெட்டுக்கு வெட்டு கட்டணம் கிடைக்கும் இடத்தில் வெட்டு கூடும் என்று பல நாடுகளின் அனுபவம் காட்டுகின்றது. எமது அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லை. அரச டொக்டர்மார் கடமை நேரத்தின் பின் தனியாரிடத்திலும் நோயாளரைப் பார்க்க அனுமதி உண்டு. அங்கே பார்த்த ஒருவர், "அடுத்த கிழமையே இங்கே செய்துவிடலாம்" என்று சொன்னால், இதே சத்திரசிகிச்சையை அரச ஆஸ்பத்திரியில் செய்யலாமா, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கவேண்டும். இந்த நோய் உயிரைக் கொண்டுபோகும் நோயல்ல. காத்திருப்பதால் கை அழிந்துவிடாது. நகையை அடைவு வைத்து வெட்டுவிக்கும் அவசரம் இதில் இல்லை.

ஆனால் ஒன்றை மிகத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கையில் வரும் எல்லாமே இப்படிப் பொறுத்திருக்கக் கூடியவை அல்ல. அரிவாளோ கத்தியோ பட்டு, காயத்தின் பின் ஒரு விரல் மடங்கவோ நிமிரவோ மறுத்தால், தசைநாண் அறுந்திருக்கிறது என்று எண்ணவேண்டும். காயம் சிறியதாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிந்தினால் தைத்து இணைப்பது கடினமாகிவிடும். முள்ளுக் குத்தி இரண்டொரு நாளில் விரல் முழுவதும் வீங்கி, மடிந்தபடி நின்று, நிமிர்த்தினால் உயிர் போகுமாப்போல் நொந்தால், தசைநாண் உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு ஒருநாள்கூடத் தாமதம் ஆகாது. கையூன்றி விழுந்தபின் பெருவிரலடியில் நோவு நின்றால் அது சிறிய எலும்பொன்றில் வெடிப்பாக இருக்கலாம், எக்ஸ்றே எடுக்கவேண்டும். எண்ணெய் பூசி உருவிவிடுவது இம் மூன்றுக்கும் மருந்தல்ல. இவற்றில் டொக்டர்மாரிடையே பெரிய வேறுபாடும் இல்லை. எல்லா டொக்டர்மாரும் ஒரே குரலில் பேசும் நோய்களில் நாம் தாமதிக்கக் கூடாது. அவர்கள் வேறு வேறாகப் பேசும் நோய்களில்தான் எமக்கும் பேச இடமிருக்கிறது.

பேசுவதற்கு எமக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள். "படிக்காத சனத்திடம் போய் இரண்டு வழியைச் சொன்னால் குழம்பிவிடும்; ஒன்றைச் சொல்லி அனுப்புவதே நல்லது" என்று ஆஸ்பத்திரிகளில் வேலை செய்பவர்கள் சொல்ல நாமே கேட்டிருக்கிறோம். இதனை நாம் ஏற்கவில்லை. மழை வருமா வராதா என்று தெரியாமல் விதைப்பவர் யார்? விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாமல் வெங்காயத்தைத் தூக்கிக் கட்டி வைத்திருப்பவர் யார்? நிச்சயமில்லாத ஒன்றை எடைபோட்டு முடிவெடுப்பதே கமக்காரரின் வாழ்க்கை. அவருக்கு விளங்கும் பாஷையில் பத்து நிமிடம் சொன்னால் அவரால் முடிவெடுக்க முடியும். பத்து நிமிடம் இல்லை என்பதே உண்மையான சிக்கல். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் டொக்டர் மீது முழுப் பழியையும் போடவும் எமக்கு மனமில்லை.

மேலும், இந்த முடிவில் டொக்டருக்குத் தெரியாத ஒரு பாதி நோயாளியிடம்தான் இருக்கிறது. சத்திரசிகிச்சை செய்தால் தையல் வெட்டும்வரை இரண்டு கிழமையளவு காயத்தில் ஈரம் படக்கூடாது. பாரமான வேலைக்கு மேலும் சில கிழமைகள் வேண்டும். குத்தகைக் காணியில் பயிர் செய்து, கடனில் உரம் வாங்கியவருக்கு அது எந்த மாதம் என்பது பெரிய கேள்வி. அருவி வெட்டு இன்று பெரும்பாலும் மெசினுக்குப் போய்விட்டாலும், களை பிடுங்குவதும், மிளகாய் ஆய்வதும், வெங்காயம் கிண்டுவதும் இன்னும் கையால்தான். கொத்து வேலைக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத குடும்பத்தில் தாயின் வலக்கை ஒரு மாதம் ஓய்ந்திருப்பது ஒரு போகத்தையே கொண்டுபோய்விடும். மறுபுறம், அந்த நோவுடன் போகம் முழுவதும் இழுபட்டு, அரைக் கூலிக்கு வேலை செய்வதும் நட்டமே. இதில் எது பெரிய நட்டம் என்று அந்தக் குடும்பமே சொல்லமுடியும். "இப்போது ஊசி போடுங்கள், அறுவடை முடிந்து சரிவராவிட்டால் வெட்டுவோம்" என்று ஒரு தாய் சொன்னால், அது எந்த நிபுணரும் மதிக்கவேண்டிய பேச்சு.

எனவே கிளினிக்குக்குப் போகும்போது சில விடயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வாசகர்களை வேண்டுகிறோம். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வெட்டாமல் வேறு வழி உண்டா, அதனை எனக்குச் செய்து பார்த்தாயிற்றா? வெட்டினால் எத்தனை நாள் மண்ணில் கை வைக்க முடியாது? மரியாதையாகக் கேட்கும் கேள்விக்குக் கோபிக்கிற டொக்டர்மார் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கோபித்தாலும் கேள்வி கேட்டது தவறாகிவிடாது. சீனி வருத்தம் இருந்தால், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால், பால் கொடுப்பவராக இருந்தால், அவர் கேளாவிட்டாலும் சொல்லிவிடுங்கள். செய்கிற தொழிலையும் சொல்லுங்கள். "கை நோகுது" என்பதோடு நிறுத்தாமல், "வாளி பிடிக்க ஏலாது, பால் கறக்க ஏலாது, இரவில் நித்திரை இல்லை" என்று சொன்னால் நோவின் அளவு அவருக்கு விளங்கும். எம்மவரில் பலர், அதிலும் பெண்கள், டொக்டருக்கு முன்னால் நோவைக் குறைத்தே சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுகிறார்கள்.

இதற்கிடையில் வீட்டிலே செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளையை இரண்டு கக்கத்திலும் பெருவிரலைக் கொடுத்துத் தூக்காமல், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அடியால் ஏந்தித் தூக்கினால் அந்தக் கயிறுகளுக்கு இழுவை குறையும். மெல்லிய பிடியுள்ள உழவாரத்துக்குப் பழைய துணி சுற்றிப் பிடியைத் தடிப்பாக்கலாம். துணி பிழிவதை வீட்டு ஆண்பிள்ளைகள் செய்தால் அவர்களுடைய மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. நோகும் இடத்தை அழுத்தி உருவுவதை விடுங்கள். ஏற்கனவே உராய்ந்து நொந்த இடம் அது.

கடைசியாகக் கொப்பியைப் பற்றி. இடம் மாறி மாறி வாழ்ந்த எமக்கு இது மிக முக்கியம். என்ன ஊசி, எந்தத் திகதியில், எந்தக் கையில் போடப்பட்டது என்பது புதிய டொக்டருக்குத் தெரியாவிட்டால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், அல்லது ஊசி தோற்றுவிட்டது என்று எண்ணிக் கத்தியை எடுப்பார். கிளினிக் கொப்பியையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றுடன் ஒரே பொலித்தீன் உறையில் வையுங்கள். டொக்டர் எழுதாவிட்டால், "இதை ஒருக்கால் கொப்பியில் எழுதித் தாருங்கோ ஐயா" என்று கேளுங்கள். பெண் டொக்டர் என்றால் அம்மா என்று கேளுங்கள். அவர் எழுதியது வாசிக்க விளங்காவிட்டால், வெளியே வந்தவுடன் தாதியிடம் கேட்டு, படிக்கிற பிள்ளையைக் கொண்டு பக்கத்திலேயே தமிழில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டபின் எத்தனை நாள் நோ குறைந்திருந்தது, எப்போது திரும்பி வந்தது என்பதையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த டொக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.